மருமகளாக இருந்தவருக்கு ஓர் அதிகாரப் பத்திரம்

கூலாய் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கும் அலுவலகத்தில்தான் என் வழக்கறிஞர் வாழ்க்கை முழுவதும் கழிந்தது. இப்போது அங்கே என் மேசையில் இளம் வழக்கறிஞர்களான நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலியை மாற்றிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, "மேடம், ஒரு பெரியவர் அவர் மகனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதணுமாம். எப்பவும் எழுதறதுதானே, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாமா?" என்று கேட்டார். முடித்துவிடலாம் என்றேன். போனை வைத்த பிறகு முனியாண்டியின் ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அதிகாரப் பத்திரத்தை எப்படி எழுதுவது, எங்கே பதிவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நம் மக்கள் அதை மலாய் மொழியில் 'சூராட் குவாசா' என்பார்கள். வயதானவரால் வங்கியில் வரிசையில் நிற்க முடியவில்லை, நில அலுவலகத்துக்கு அலைய முடியவில்லை. அவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அவரே கொடுக்கும் அனுமதி அது. எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. யாருக்குக் கொடுக்கிறார், ஏன் கொடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு யாரும் கட்டணம் தரமாட்டார்கள். நீங்களும் கேட்காதீர்கள்.

முனியாண்டி ரெங்கம் ரயில் நிலையத்தில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ரெங்கத்தில் சொந்த வீடு, ஊருக்கு வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட சிறு நிலம். ஒரே மகன் குணா. அவர் தெப்ராவில் குடியிருந்துகொண்டு தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தார்.

முனியாண்டியை முதல் முறை என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தவர் குணா அல்ல. செனாய் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் சீருடையோடு வந்த ஒரு பெண். பெயர் வசந்தா. மாடிப்படியில் ஏறும்போதே அவர் குரல் கேட்டது.

"கைப்பிடிய புடிங்க மாமா. அந்தக் கை இல்ல, இந்தக் கை. வேகமா ஏறினா மெடலா குடுக்கப் போறாங்க?"

மருமகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உட்காரவைத்து, "மகன் வரலையா?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாது மேடம்," என்றார் வசந்தா.

"உங்க வீட்டுக்காரருக்கே சொல்லலையா?"

"வீட்டுக்காரர் இல்ல. டைவர்ஸ் ஆயிடுச்சு."

பேனாவை மூடி வைத்தேன். பெரியவர் பெயரில் நிலம். மகனுக்குத் தெரியாது. விவாகரத்தான மருமகள் அவரைக் கையோடு கூட்டிவந்திருக்கிறார், அந்த மருமகள் பெயருக்கே அதிகாரம் எழுத வேண்டும் என்கிறார் பெரியவர். நம் தொழிலில் இதைவிடத் தெளிவாக எச்சரிக்கை மணி அடிக்காது. உங்களில் யாராவது இருந்திருந்தால் அப்போதே இருவரையும் அனுப்பியிருப்பீர்கள். அதில் தவறும் இல்லை. ஆனால் அனுப்பிவிட்டால் அந்தப் பெரியவர் வேறு மாடிப்படி ஏறுவார். அங்கே இருப்பவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிடலாம்.

வசந்தாவைக் கீழே போய் ஏதாவது குடித்துவிட்டு வரச் சொன்னேன். கதவைச் சாத்தினேன்.

"ஐயா, எதுக்கு வந்திருக்கீங்க?"

"சூராட் குவாசா எழுத."

"அப்படின்னா என்ன?"

முனியாண்டி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க லாயர்தானே? உங்களுக்குச் சொல்லித் தரலியா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாக்குறேன்."

"நான் சிக்னல் கேபின்ல இருந்தவன். லீவு போட்டா சாவிய இன்னொருத்தன்கிட்ட குடுத்துட்டுப் போவேன். அவன் சிக்னல் போடுவான், ரயில் போகும். அதுக்காக ஸ்டேஷன் அவனுக்குச் சொந்தமாயிடுமா?"

"ஆகாது. உங்க பேர்ல என்னென்ன இருக்கு?"

"வீடு. செம்பனை நிலம். பென்ஷன். ஒரு மோட்டார் சைக்கிள். ஓடாது."

"மகன் இருக்காரே, அவருக்கு ஏன் குடுக்கல?"

"பிள்ளை நல்லவன்தான். என்ன சொன்னாலும் சரிப்பாம்பான். கூரை ஒழுகுதுடான்னா சரிப்பா. கண்ணு மங்கலா இருக்குடான்னா சரிப்பா. சரிப்பான்னுட்டுப் போயிடுவான். இவ அப்படி இல்ல. ஏன்னு கேப்பா. சரியில்லன்னா சண்டைக்கு வருவா. கூரை மாத்த ஆள் கூட்டிட்டு வந்தா, அந்த ஆளுகூடயும் சண்டை போட்டா. என் பேர்ல கையெழுத்துப் போடுற ஆளுக்கு என்கிட்ட எதிர்த்துப் பேசத் தெரியணும்ல?"

"அவங்க உங்க மகனைப் பிரிஞ்சு போனவங்க ஐயா."

"அவனைத்தானே பிரிஞ்சா?" என்றார் முனியாண்டி.

அடுத்து வசந்தாவைத் தனியாக உட்காரவைத்தேன். பத்திரம் கொடுப்பவரைத் தனியாகக் கேட்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. வாங்குபவரையும் தனியாகக் கேளுங்கள். ஆசை இருந்தால் அங்கேதான் தெரியும்.

"எனக்கு வேணாம் மேடம்," என்றார் அவர். "ஆளுங்க என்ன பேசுவாங்க? சொத்துக்காகத்தான் கெழவனச் சுத்தி வர்றான்னு சொல்லுவாங்க. நான் சொன்னா கேக்கமாட்டேங்குறாரு. நீங்க சொல்லுங்க."

"அப்புறம் ஏன் அவரைப் பாக்கப் போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற வழில எட்டிப் பாப்பேன். அவ்ளோதான்."

அவர் கூலாயில் குடியிருந்தார். அங்கிருந்து ரெங்கம் போவதை எந்தக் கோயிலுக்குப் போகும் வழியாகவும் சொல்ல முடியாது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "இன்னும் மாமான்னுதான் கூப்பிடுறீங்க," என்று மட்டும் சொன்னேன்.

"வேற என்னன்னு கூப்பிடுறது? அங்கிள்னா?"

நான் இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். மருத்துவர் பெரியவரைப் பரிசோதித்து மனத்தெளிவு இருப்பதாக எழுதித் தர வேண்டும். மகனுக்கு நேரில் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சட்டம் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். மறைத்து எழுதும் பத்திரம் என்றாவது ஒருநாள் சண்டையாக வெளியே வரும். அந்தச் சண்டை என் அறையிலேயே, நான் பார்க்கும்போதே நடக்கட்டும் என்று நினைத்தேன்.

நடந்தது. குணா தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கடைசிவரை அதைக் கீழே வைக்கவில்லை.

"என்ன மேடம் இது? நான் உயிரோட இருக்கேன் லா."

"இருக்கே. அதான் கூப்பிட்டுச் சொல்றேன்," என்றார் அப்பா.

"நாளைக்கு எல்லாத்தையும் வித்துட்டு ஓடிட்டாங்கன்னா?"

"எங்க ஓடுவா? செனாய்ல வேலை இருக்கு."

வசந்தா சுவரைப் பார்த்தபடி, "எழுதாதீங்க மேடம்," என்றார். முனியாண்டி கையை உயர்த்தினார். வீடு மகனுக்கு, அதில் வசந்தா கை வைக்கக் கூடாது. பென்ஷனையும் மற்றக் காரியங்களையும் அவர் பார்த்துக்கொள்ளலாம். உடம்புக்குத் தேவை வந்தால் மட்டும் நிலத்தை விற்கலாம். இப்படித்தான் எழுத வேண்டும் என்றார். "வீட்டு விஷயத்த முதல்ல எழுதுங்க," என்று வசந்தா என்னிடம் சொன்னார். குணா ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு "சரிப்பா" என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கையெழுத்தானதும், எல்லோரிடமும் சொல்வதை வசந்தாவிடமும் சொன்னேன். "இந்தப் பத்திரம் அவர் மனசு தெளிவா இருக்கிற வரைக்கும்தான். தன் பேர்ல என்ன நடக்குதுன்னு அவருக்குப் புரியாமப் போற நாள்ல இதுக்கு உயிர் போயிடும். அன்னைக்குத்தான் இது உங்களுக்கு ரொம்பத் தேவைப்படும். ஆனாலும் போயிடும்."

"இது என்ன மேடம் சட்டம்?" என்றார் வசந்தா.

நம் நாட்டுச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நான் எழுதியதல்ல. உங்கள் கட்சிக்காரர்களும் இதைக் கேட்பார்கள். அப்போது சட்டத்துக்கு வக்காலத்து வாங்காதீர்கள். தெளிவாகச் சொன்னால் போதும்.

அதன்பிறகு நீண்ட காலம் அவர்கள் பக்கமிருந்து ஒரு பிரச்சினையும் வரவில்லை. வசந்தா வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வங்கிக்கும் நில அலுவலகத்துக்கும் அலைந்தார். ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் ரெங்கம் போய்ப் பெரியவரிடம் கேட்டுச் சண்டை போட்டு முடிவெடுத்தார். பிறகு ஒருநாள் முனியாண்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். இனி தனியாக இருக்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கூலாயில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வசந்தா வேலை முடிந்து போகும்போது அங்கே எட்டிப் பார்த்தார். இந்த முறை அது உண்மையிலேயே வழியில் இருந்தது. செலவுக்கு நிலத்தை விற்க வேண்டும் என்று முனியாண்டியே சொன்னார். 'தவுக்கே' என்று எல்லோரும் அழைக்கும் பக்கத்து நிலத்துச் சீன முதலாளி ஒருவர் வாங்கிக்கொள்ள முன்வந்தார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள் வந்தது. தவுக்கேயும் அவருடைய வழக்கறிஞரும் வந்திருந்தார்கள். குணா சிங்கப்பூர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். பக்கங்களைப் புரட்டி, வசந்தாவின் கையில் பேனாவைக் கொடுத்தேன். அவர் அதை மேசைமேல் வைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். முந்தாநாள் மாமா என்னைப் பாத்து யாருன்னு கேட்டாரு."

"தூக்கக் கலக்கமா இருக்கும்," என்றார் குணா.

"நேத்தும் கேட்டாரு. சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது."

தவுக்கேவுக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் பேனா மேசையில் கிடப்பதைத் தவுக்கே பார்த்தார். "மாச்சாம் மானா? போலே சைன் கா?" என்று கையெழுத்துப் போடலாமா என்ற அர்த்தத்தில் மலாயில் கேட்டார்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு சீனியர் இருந்தார். யாராவது அவசரமாகக் கையெழுத்துக் கேட்டால் எழுந்து கோப்பி குடிக்கப் போய்விடுவார். பகலில் பலமுறை கோப்பி குடிப்பார். சோம்பேறி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் எழுதிய பத்திரம் ஒன்றுகூட நீதிமன்றத்தில் விழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று நானும் அப்படியே செய்தேன். தவுக்கேயையும் அவருடைய வழக்கறிஞரையும் கீழே கோப்பிக் கடைக்கு அனுப்பினேன். அறையில் மூன்று பேர் மிஞ்சினோம்.

குணா குரலைத் தாழ்த்தினார். "மேடம், இதைப் பேசவே இல்லன்னு வெச்சுக்கலாம். பத்திரம் கையில இருக்கு. அப்பாவே விக்கச் சொன்னாரு. அவரு செலவுக்குத்தானே விக்கிறோம்? யாருக்குத் தெரியப் போகுது? இந்த ரூம்ல இருக்கிற மூணு பேருக்குத்தான் தெரியும்."

"அந்த மூணு பேர்ல நான் ஒருத்தி," என்றேன்.

அவர் வசந்தாவின் பக்கம் திரும்பினார். விவாகரத்துக்குப் பிறகு அவரிடம் நேரடியாகப் பேசியது அதுதான் முதல் முறை என்று எனக்குப் பிறகு தெரிந்தது. "ஒரே ஒரு கையெழுத்து. அப்பாவுக்காகத்தானே. போட்டுடுங்க."

எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஓடிவிடுவார் என்று பயந்த அதே மனிதர், அதே அறையில், விற்கச் சொல்லிக் கெஞ்சினார். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் சுட்டிக்காட்டவில்லை.

அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. பெரியவர் தெளிவாக இருந்தபோது விரும்பியது இதைத்தான். விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, விற்காவிட்டால் எல்லோருக்கும் கஷ்டம். எனக்கும் கையெழுத்து வாங்கி முடித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. உங்களைத் தவறு செய்யச் சொல்லி யாரும் வில்லன் மாதிரி வந்து கேட்கமாட்டார்கள். களைத்துப்போன ஒரு நல்ல மகன்தான் வந்து கேட்பார்.

வசந்தா பேனாவைத் தொடவில்லை. "முன்னாடியெல்லாம் வேணான்னா வேணாம்னு சொல்லுவாரு. வேணும்னா வேணும்னு சொல்லுவாரு. இப்ப ரெண்டும் சொல்ல முடியலன்னா, நான் யாருக்காகக் கையெழுத்துப் போடுறேன்?"

தவுக்கேயிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, மூவருமாக என் காரில் முதியோர் இல்லத்துக்குப் போனோம்.

முனியாண்டி சன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்தார்.

"வாங்க, வாங்க. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மாதானே? கோலாலம்பூர் ரயில் இன்னைக்கு லேட்டு."

நான் எதிரே உட்கார்ந்தேன். "ஐயா, உங்க செம்பனை நிலத்த என்ன பண்ணலாம்?"

"எந்த நிலம்? அதெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம்மா. துரை பாத்துப்பாரு."

குணா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். கொஞ்சம் முன்னால் வந்து, "அப்பா, நான் குணா," என்றார்.

பெரியவர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவர் கையிலிருந்த தலைக்கவசத்தைப் பார்த்தார். "உக்காருங்க தம்பி," என்றார். "ரயில் வர இன்னும் நேரமாகும்."

குணா உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

மருத்துவர் பரிசோதித்து, நினைவும் புரிதலும் போய்விட்டதாக எழுதிக் கொடுத்தார். பத்திரம் முடிந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தவுக்கே வேறு நிலம் வாங்கிவிட்டார். இல்லத்துக்கான செலவு முழுவதும் குணாவின் தலையில் விழுந்தது. சமாளிக்கவே முடியாது என்று என்னிடம் சொன்னார். பிறகு கூடுதல் வேலை பார்த்துச் சமாளித்தார். மனத்தெளிவு இழந்தவரின் காரியங்களைப் பார்க்க ஆள் நியமிக்கும்படி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். அது மெதுவாக நகர்ந்தது. நேர்மையாக நடந்துகொண்டதற்கு இப்படி ஒரு பலன் கிடைத்ததே என்று அந்த மாதங்களில் எனக்கும் எரிச்சல் வந்தது. வசந்தாவிடம் அதைச் சொன்னேன். "மாமா நல்லா சாப்பிடுறாரு மேடம்," என்று மட்டும் சொன்னார்.

மனு தயாராகிக்கொண்டிருந்தபோது குணா ஒருநாள் தனியாக வந்தார். வந்ததும் தலைக்கவசத்தைத் தரையில் வைத்தார்.

"நியமிக்கிற ஆளுன்னு என் பேர மட்டுந்தான் போடணுமா மேடம்?"

"வேற யார் பேரப் போடணும்?"

சன்னல் பக்கம் பார்த்தார். "அவங்க பேர."

"அவங்கன்னா யாரு? மனுவில எழுதணும்ல?"

"வசந்தா," என்றார். ரொம்ப நாளாகச் சொல்லாத பெயரைச் சொன்னவர்போல ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்பா எது சொன்னாலும் சரி சரின்னே பழகிட்டேன். எனக்கு அவரப் பத்தி ஒண்ணும் தெரியல மேடம். என்ன மாத்திரை, என்ன சாப்பாடு, எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியுது."

வசந்தாவை அழைத்துக் கேட்டேன். தனியாக என்றால் வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். "ரெண்டு பேர் பேரும் போடுங்க. நான் செய்யறத அவரு பாக்கட்டும். அவரு செய்யறத நான் பாக்குறேன். ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னு எழுதுங்க."

நீதிபதி அப்படியே உத்தரவிட்டார். விவாகரத்தானவர்களை நீதிமன்றமே சேர்த்துவைத்துவிட்டது என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்துக்கு வரும் நாட்களில் இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்காருவார்கள். முதியோர் இல்லத்தில் என்ன மீன் போடுகிறார்கள் என்பது பற்றி வாக்குவாதம் செய்வார்கள். பெரும்பாலும் வசந்தாதான் ஜெயிப்பார். நீதிமன்ற அனுமதியோடு நிலம் கடைசியில் வேறொருவருக்குப் போனது.

உத்தரவு வந்த அன்றே நான் முதியோர் இல்லத்துக்குப் போனேன். மனுப் போட்டவர்கள் குணாவும் வசந்தாவும், ஆனால் என் கட்சிக்காரர் முனியாண்டிதான். அவருக்குப் புரியாது என்று மருத்துவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவருடைய காரியத்தில் ஒரு முடிவு வந்தால் அவரிடம்தான் முதலில் போய்ச் சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, தமிழில் சொல்லுங்கள்.

குணாவும் வசந்தாவும் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார்கள். வசந்தா அவருடைய நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். குணா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டியை நிறைத்து நீட்டியதற்கு வசந்தா அவரைத் திட்டினார். அவர் பாதியாகக் குறைத்தார்.

நான் பெரியவரிடம் உத்தரவைச் சொன்னேன். இனி இந்த இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் காரியங்களைப் பார்த்துக்கொள்வார்கள், நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர்கள் காதில் விழக் கூடாது என்பதுபோல என் பக்கம் குனிந்தார்.

"நல்ல பிள்ளைங்கம்மா ரெண்டும்," என்றார். "யாரு பெத்த பிள்ளைங்களோ."

குணா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். வைக்கும்போது சத்தம் வரவில்லை. வசந்தா நகம் வெட்டுவதை நிறுத்தாமல், "உங்க பிள்ளைங்கதான் மாமா," என்றார்.

முனியாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியா?" என்றார். "அப்ப ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."